கறிக்குழம்புக்கு எந்த ஒயின்?

தேனி மாவட்டத்து ஓடைப்பட்டியின் விதையில்லாத் திராட்சை சாப்பிட அருமையானது; நல்ல ஒயின் செய்ய அது ஏற்றதல்ல. இதை அந்த ஊர் விவசாயியிடம் சொன்னால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவர் பந்தல் போட்டு, கவாத்து செய்து, கொத்தில் மணி குறைத்துப் பாடுபடுவதெல்லாம் வாயில் போட்டதும் கரைகிற பழத்துக்காகத்தான். சாப்பிடுகிற திராட்சைக்கு மணி பெரிதாக இருக்க வேண்டும், தோல் மெல்லிசாக இருக்க வேண்டும், விதை கூடாது, புளிப்பு அடங்கியிருக்க வேண்டும். ஒயின் திராட்சைக்கு இவை அத்தனையும் தலைகீழ். அங்கே சிறிய மணிதான் சிறப்பு. ஏனென்றால் நிறமும் மணமும் துவர்ப்பும் பெரும்பாலும் தோலிலும் விதையிலும் இருக்கின்றன, சதையில் அல்ல. விதையில்லா ரகங்களில் மணியைப் பெருக்க உலகம் முழுக்க ஜிப்ரலிக் அமிலம் தெளிக்கிறார்கள். மணி பெருக்கப் பெருக்கத் தோலின் பங்கு குறைந்து சாறு நீர்த்துப்போகிறது. கலிபோர்னியாவில் 1970-களில் வெள்ளை ஒயினுக்குக் கிராக்கி ஏறியபோது, தாம்சன் சீட்லெஸ் திராட்சையைக் கலந்து பெரிய ஜாடிகளில் மலிவு ஒயின் விற்றார்கள். குடிக்க முடிந்தது, நினைவில் நிற்கவில்லை. பழத்தில் குறையில்லை, அது வேறு வேலைக்கு வளர்ந்த பழம். ஒயின் கடையில் நிற்கும்போதும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இந்தப் பாட்டில் எந்த வேலைக்குச் செய்யப்பட்டது, நம் வீட்டுப் பண்டிகைச் சாப்பாட்டில் அந்த வேலை இருக்கிறதா? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டால் செலவு தானாகவே குறையும்.

விலையை அளவுகோலாகக் கொள்வதுதான் பலர் செய்வது. விருந்தினர் வருகிறார்கள், கொஞ்சம் கூடுதலாகப் போட்டு வாங்கிவிடுவோம், ஏமாற மாட்டோம் என்ற எண்ணம். ஆனால் ஆய்வுகள் அந்த நம்பிக்கைக்குத் துணை நிற்பதில்லை. பாட்டிலை மறைத்து, விலை சொல்லாமல் நடத்தப்பட்ட 6,000-க்கும் மேற்பட்ட சுவைச் சோதனைகளை அமெரிக்காவில் தொகுத்துப் பார்த்தார்கள். 2008-இல் வெளியான அதன் முடிவு, பயிற்சி இல்லாத சாதாரண மக்களுக்கு விலை உயர்ந்த ஒயின் சற்றே குறைவாகத்தான் பிடித்தது என்பது. பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டும் கொஞ்சம் மாறுபட்டது. அதே ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வில், ஒரே ஒயினை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தபோது, 90 டாலர் என்று கேட்டவர்களின் மூளையில் இன்பத்தை உணரும் பகுதி கூடுதலாகவே விழித்துக்கொண்டது. அதாவது விலைச்சீட்டுக்கும் ஒரு சுவை உண்டு. காசு கொடுத்தவருக்கு அது தெரியும், இலையில் உட்கார்ந்திருக்கும் விருந்தாளிக்குத் தெரியாது.

வெளிநாட்டுப் பாட்டிலில் விலையின் பொருளே வேறு. இந்தியாவில் இறக்குமதி ஒயினுக்குப் பல ஆண்டுகளாக 150 விழுக்காடு சுங்கவரி. துறைமுகத்தில் 500 ரூபாய்க்கு வந்து இறங்குகிற ஒரு பாட்டில், சுங்கம் கட்டியதுமே 1,250 ரூபாய் ஆகிவிடும்; அதற்குமேல் மாநில வரி, விற்பவர் லாபம். ஆஸ்திரேலியாவுடன் செய்துகொண்ட ஒப்பந்தம் 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தபின், 5 டாலருக்கு மேற்பட்ட அந்நாட்டு ஒயின்களுக்கு வரி 100 விழுக்காடாகவும், 15 டாலருக்கு மேற்பட்டவற்றுக்கு 75 விழுக்காடாகவும் தொடங்கி, ஆண்டுதோறும் இறங்கும்படி வைத்தார்கள். அப்படியும் நீங்கள் கொடுக்கிற பணத்தில் பெரும்பகுதி ஒயினுக்குப் போவதில்லை. எனவே கட்டுப்படியான விலையில் நல்லது வேண்டும் என்பவர் இந்திய ஒயினில் தொடங்குவதுதான் கணக்குக்குச் சரி. நாட்டுப்பற்று இதில் இரண்டாம் பட்சம்.

இனி செய்முறை. கடைக்குப் போவதற்கு முன் சமையல் பட்டியலை எழுதுங்கள். கம்பம் பள்ளத்தாக்கில் இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி போன்ற ஊர்களின் கிறிஸ்துமஸ் வீடு என்றால் மட்டன் பிரியாணி, கறிக்குழம்பு, நாட்டுக்கோழி வறுவல், சில வீடுகளில் மீன் குழம்பு, சாயங்காலம் கேக், முறுக்கு, அதிரசம் என்று போகும். ஐரோப்பியப் புத்தகங்களின் ஒயின் பொருத்தப் பட்டியல்கள் இந்த இலைக்கு எழுதப்பட்டவை அல்ல. அவர்களுடைய இறைச்சியில் உப்பும் கொழுப்பும் இருக்கும், காரமும் புளியும் இருக்காது. காரம்தான் இங்கே முடிவு செய்கிறது. மிளகாயின் காரம் நாவின் சூடு உணரும் நரம்புமுனைகளைத் தட்டி எழுப்புகிறது. சாதாரணமாக 42 டிகிரி வெப்பத்தில் விழிக்கும் அந்த உணர்வியை ஆல்கஹால் 34 டிகிரியிலேயே விழிக்கச் செய்துவிடுகிறது என்று 2002-இல் ஓர் ஆய்வு காட்டியது. உடம்பின் சூடே 37. ஆகவே 14.5 விழுக்காடு ஆல்கஹால் உள்ள சிவப்பு ஒயினைக் கார வறுவலோடு குடித்தால் எரிகிற வாயில் இன்னும் எரிச்சல்தான் கூடும். துவர்ப்பும் அப்படியே: அது எச்சிலின் புரதங்களைப் பிடித்து நாவை உலர்த்துகிறது, உலர்ந்த நாவில் காரம் கூடுதலாகக் குத்துகிறது. இனிப்பு காரத்தை அடக்குகிறது, குளிர்ச்சி ஆற்றுகிறது.

புளியின் கதை வேறு. புளித்த குழம்பு உண்ட வாயில், அதைவிடப் புளிப்புக் குறைந்த ஒயினை ஊற்றினால் சப்பென்று இருக்கும். ஒயினிலும் நல்ல புளிப்பு வேண்டும். மீன் குழம்புக்கு இன்னொரு சிக்கல் உண்டு. சிவப்பு ஒயினோடு மீன் சாப்பிட்டால் சிலருக்குக் கவிச்சி அடிப்பதற்குக் காரணம் ஒயினில் உள்ள இரும்புச் சத்து என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009-இல் கண்டறிந்தார்கள். இரும்பு கூடக்கூடக் கவிச்சியும் கூடியது. இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் நம் பண்டிகை இலை கேட்கிற ஒயின் எது என்பது தெளிவாகிறது: ஆல்கஹால் 11 முதல் 12.5 விழுக்காட்டுக்குள், துவர்ப்பு மிகக் குறைவு, புளிப்பு நன்றாக, தொட்டும் தொடாததுமாக ஓர் இனிப்பு, குளிரக் குடிக்கக்கூடியது. இது பெரும்பாலும் இளம் வெள்ளை ஒயினின் இலக்கணம். ஓக் பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் வைக்கத் தேவையில்லாத, அதனாலேயே செலவு குறைந்த ஒயினின் இலக்கணமும் அதுவே. நம் நாக்குக்குப் பொருந்துவது மலிவான வகையாகவும் இருப்பது நம் அதிர்ஷ்டம்; அதைக் கௌரவத்துக்காக உதறுவானேன்?

ஆட்டுக்கறிக்குச் சிவப்பு ஒயின்தானே மரபு என்ற மறுப்பு எழும். அந்த மரபில் உண்மை இருக்கிறது. துவர்ப்பு கொழுப்போடும் புரதத்தோடும் சேரும்போது மென்மையாகிறது, அதனால் சுட்ட ஆட்டுக்காலுக்கு அது பொருந்துகிறது. ஆனால் கறிக்குழம்பில் நாம் ருசிப்பது கறியை மட்டுமல்ல. மல்லி, மிளகு, சோம்பு, தேங்காய், மிளகாய் எல்லாமே முன்னால் நிற்கின்றன. ஒயின் பொருந்த வேண்டியது மசாலாவோடு. இருந்தாலும் சிவப்பு இல்லாமல் பண்டிகை நிறைவடையாது என்பவருக்கு வழி உண்டு. மிளகு தூக்கலான, மிளகாய் குறைந்த சுக்கா இருந்தால் ஷிராஸ் வாங்கலாம். அந்தத் திராட்சையிலேயே மிளகு மணம் உண்டு, அதுவும் மிளகின் மணமும் ஒரே மணப்பொருளிலிருந்து வருபவை. ஓக் பீப்பாய், ரிசர்வ் என்று பெருமை பேசும் விலை உயர்ந்த ஷிராஸ் வேண்டாம். அதே ஆலையின் அடிப்படை ஷிராஸே போதும், துவர்ப்பும் குறைவாக இருக்கும். சீரகச் சம்பா பிரியாணிக்கு ரோஸ் ஒயின் நடுவழி: சிவப்பின் பழ மணம், வெள்ளையின் குளிர்ச்சி. கேபர்னே சோவிஞானை மட்டும் இந்த இலைக்கு வாங்காதீர்கள். அது நல்ல ஒயின், தவறான விருந்துக்கு வந்த நல்ல மனிதரைப் போல.

பெயர்களுக்கு வருவோம். நாசிக்கில் 1999-இல் தொடங்கிய சுலா, பெங்களூருக்கு அருகே நந்தி மலை அடிவாரத்திலிருந்து வளர்ந்த குரோவர், சோலாப்பூர் மாவட்டம் அக்லூஜின் ஃபிராட்டெல்லி ஆகியவை பரவலாகத் தெரிந்த இந்திய ஆலைகள். எந்த ஆலையானாலும் முதலில் தேட வேண்டிய சொல் செனின் பிளாங்க். பிரான்சின் லுவார் பகுதியைச் சேர்ந்த இந்தத் திராட்சை வெப்பநாட்டிலும் புளிப்பை எளிதில் இழப்பதில்லை. இந்திய ஆலைகள் பெரும்பாலும் இதை லேசான இனிப்போடு செய்கின்றன. குழம்பு, பிரியாணி, வறுவல் மூன்றுக்கும் ஒரே பாட்டில் வாங்க வேண்டும் என்றால் இதுதான். மீன் குழம்பும் வறுத்த மீனும் முதன்மை என்றால் சோவிஞான் பிளாங்க். அது இனிப்பில்லாதது, பச்சிலை மணம் கொண்டது, தேங்காய்ப்பாலும் கறிவேப்பிலையும் உள்ள பதார்த்தங்களோடு நன்றாகப் போகும். ரொம்பக் காரமானதோடு கொஞ்சம் கூர்மையாகத் தோன்றலாம்.

பாட்டிலைக் கையில் எடுத்ததும் ஒட்டுச்சீட்டில் நான்கு செய்திகளைப் பாருங்கள். முதலாவது ஆல்கஹால் அளவு. 15-க்கு மேல் இருந்தால் அது பெரும்பாலும் சாப்பாட்டு ஒயின் அல்ல, கூடுதல் சாராயம் சேர்த்த வகை. போர்ட் என்ற பெயரில் நம் ஊரில் மலிவாகக் கிடைக்கும் இனிப்பு ஒயின்களில் பல இப்படிப்பட்டவை. கேக்குக்கு ஒரு சிறிய கிளாஸ் சரி, குழம்புச் சோற்றோடு திகட்டும். இரண்டாவது இனிப்பு: டிரை என்றால் இனிப்பே தெரியாது, செமி டிரை அல்லது ஆஃப் டிரை என்றால் லேசாகத் தெரியும், செமி ஸ்வீட்டும் ஸ்வீட்டும் அதற்கு மேல். மூன்றாவது திராட்சையின் பெயர். எந்தத் திராட்சை என்றே சொல்லாமல் ரெட் ஒயின், ஒயிட் ஒயின் என்று மட்டும் போட்டிருந்தால், சாப்பிடும் திராட்சையில் மிச்சமானது அதற்குள் போயிருக்க வாய்ப்பு உண்டு. நான்காவது அறுவடை ஆண்டு. இதுதான் பலர் தவறாகப் படிக்கும் எண். ஒயின் பழசாக ஆக நல்லது என்ற எண்ணம் மிகச் சில விலை உயர்ந்த ஒயின்களுக்கே பொருந்தும். மலிவு வெள்ளை ஒயின் புதிதாக இருக்கும்போதுதான் உயிரோடு இருக்கும். ஐரோப்பாவில் அறுவடை செப்டம்பர், அக்டோபரில். நாசிக்கில் அது ஜனவரி முதல் மார்ச் வரை. ஆகவே டிசம்பரில் இந்திய வெள்ளை ஒயின் வாங்கும்போது அதே ஆண்டு அச்சிட்ட பாட்டில் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். இரண்டு ஆண்டுக்கு மேல் அலமாரியில் இருந்த வெள்ளையை, விலை குறைத்துக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள்.

கடை விஷயத்தில் நமக்கிருக்கும் கட்டுப்பாடு பெரிது. தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை 2003 முதல் டாஸ்மாக் கையில். சாதாரணக் கடையில் பிராந்திக்கு இருக்கும் இடம் ஒயினுக்கு இருக்காது. மதுரை போன்ற நகரத்து எலைட் கடையில்தான் தேர்ந்தெடுக்க ஏதாவது இருக்கும். எனவே பண்டிகைக்கு முந்தின நாள் கூட்டத்தில் போய் நிற்காமல், இரண்டு வாரம் முன்பே போவது நல்லது. ஒயினுக்கு வெயிலும் வெப்பமும் எதிரி. கண்ணாடி ஓரத்தில், விளக்கு வெளிச்சத்தில் பல மாதம் நின்ற பாட்டிலைத் தவிருங்கள், பின்வரிசையிலிருந்து கேளுங்கள். மூடியைச் சுற்றிப் பிசுபிசுப்பு, மேலே தள்ளிக்கொண்டு நிற்கும் கார்க், கழுத்துக்குக் கீழே இறங்கிய அளவு ஆகியவை சூடு பட்டதற்கு அடையாளம். திருகுமூடியைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். இளம் ஒயினுக்கு அது கார்க்கைவிடப் பாதுகாப்பு. கார்க் கெட்டு ஈரச் சாக்கு நாற்றம் வருகிற தொல்லை இல்லை, திறக்கத் தனிக் கருவியும் வேண்டாம். ஹாலோகிராம் ஒட்டு சரியாக இருக்கிறதா என்று பார்த்து, பில் கேட்டு வாங்குங்கள். 375 மில்லி அரைப் பாட்டில் கிடைத்தால் முதலில் அதை வாங்கி வீட்டுக் குழம்போடு குடித்துப் பாருங்கள். எந்த நிபுணரின் மதிப்பெண்ணையும்விட அது நம்பகமானது. குமுளி பக்கத்தில்தானே என்று கேரளத்திலிருந்து வாங்கி வருவது மட்டும் வேண்டாம், சோதனைச் சாவடியில் வழக்காகும்.

இவ்வளவு சொல்லிவிட்டு நாசிக்குக்கும் நந்தி மலைக்கும் அனுப்புகிறாயே, கம்பத்தில் திராட்சை இல்லையா என்று கேட்பது நியாயம். இருக்கிறது, அதுவும் புகழ்பெற்றது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தது என்று அப்போது அதன் வரலாறு சொல்லப்பட்டது. ரகம் மஸ்கட் ஹாம்பர்க். ஓடைப்பட்டியின் பச்சைத் திராட்சையைப் போலன்றி இதற்கு விதை உண்டு, கறுத்த தோல் உண்டு, எல்லாவற்றுக்கும் மேலாக ரோஜாவில் இருக்கும் ஜெரானியால் போன்ற மணப்பொருள்கள் உண்டு. அந்த வகையில் ஒயினுக்கு அது விதையில்லாத் திராட்சையைவிடத் தகுதியானது. கலிபோர்னியாவில் பிளாக் மஸ்கட் என்ற பெயரில் இதிலிருந்து விருந்து முடிவில் பருகும் இனிப்பு ஒயின் செய்கிறார்கள். ஆனால் நம் பள்ளத்தாக்கில் கொடிக்குக் குளிர்கால உறக்கம் கிடையாது. இரண்டு ஆண்டில் ஐந்து அறுவடை என்பது விவசாயிக்கு வரம். சந்தைக்கு ஆண்டு முழுக்கப் பழம் போகிறது. ஒயினுக்கோ வெப்பத்தில் வேகமாகப் பழுக்கும் பழத்தில் புளிப்பு இறங்கிவிடும், நிறமும் துவர்ப்பும் இந்த ரகத்தில் இயல்பாகவே லேசு. தேனி மாவட்டத்தில் ஒயின் ஆலை இருக்கிறது. உள்ளூர்த் திராட்சை ஒயின் கிடைத்தால் வாங்குங்கள், ஆனால் அதைக் குழம்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். மணமும் இனிப்பும் உள்ள ஒயினுக்கு இடம் மாலைப் பலகாரம். அங்கும் ஒரு விதி உண்டு: ஒயின் பலகாரத்தைவிட இனிப்பாக இருக்க வேண்டும். அதிரசத்தின் வெல்லத்தோடு போட்டியிட எந்த ஒயினாலும் முடியாது. பழக்கேக்கோடும் முறுக்கோடும் நன்றாகப் போகும்.

அப்படியானால் பன்னீர் திராட்சை வாங்கி, சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டு ஜாடியில் வீட்டிலேயே செய்துவிடலாமே, கட்டுப்படியான வழி அதுதானே என்பது அடுத்த மறுப்பு. கிறிஸ்துமஸ் காலத்தில் இது பல வீடுகளில் வழக்கமாக இருந்தது என்பது உண்மை. ஆனால் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது 1937-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். அளவு சிறியது, விற்கவில்லை என்பது தப்பிக்க வழியாகாது. சட்டத்தை விட்டுப் பார்த்தாலும், சாப்பிடும் திராட்சையில் சர்க்கரையைக் கொட்டிச் செய்வது மேலே சொன்ன இலக்கணத்துக்கு எதிரானது: புளிப்புக் குறைவு, இனிப்பு மிகை, ஆல்கஹால் எவ்வளவு என்றே தெரியாது.

எத்தனை பாட்டில் என்பது எளிய கணக்கு. 750 மில்லியில் 150 மில்லி வீதம் ஐந்து கிளாஸ். பத்துப் பேர் விருந்தில் குடிப்பவர் ஐவர், ஆளுக்கு இரண்டு கிளாஸ் என்றால் இரண்டு பாட்டில் போதும். ஒன்று செனின் பிளாங்க், இன்னொன்று ரோஸ் அல்லது ஷிராஸ். மூன்றாவது வாங்குகிற பணத்துக்கு நல்ல கறி கூடுதலாக எடுக்கலாம். பரிமாறும் சூட்டில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. மலிவு ஒயினை ஒரு படி உயர்த்துவது இதுதான். வெள்ளையையும் ரோஸையும் மூன்று மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். மறந்துவிட்டால் வாளியில் பனிக்கட்டி, தண்ணீர், ஒரு கைப்பிடி உப்பு. இருபது நிமிடத்தில் குளிர்ந்துவிடும். சிவப்பை அறைச் சூட்டில் கொடு என்று புத்தகம் சொல்லும் அறை ஐரோப்பாவினுடையது, 16 முதல் 18 டிகிரி. நம் அறை டிசம்பரிலும் அதைவிடச் சூடு. அரை மணி நேரம் பெட்டியில் வைத்து எடுங்கள்.

மிச்சமிருக்கும் மறுப்பு எல்லாவற்றிலும் வலுவானது: எதற்குக் குடிக்க வேண்டும்? உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில், ஆல்கஹாலில் உடல்நலத்துக்குக் கேடில்லாத அளவு என்று ஒன்று இல்லை என்று சொல்லிவிட்டது. சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்ற பழைய ஆறுதல் அதோடு போயிற்று. இதற்கு எதிர்வாதம் செய்ய எதுவும் இல்லை. குடிக்காதவர் தொடங்க வேண்டியதில்லை. குடிக்கிறவர் பண்டிகை நாளில் பிராந்தியை விட்டு, சாப்பாட்டோடு ஒன்றிரண்டு கிளாஸோடு நின்றால் உட்கொள்ளும் அளவு குறையும் என்பது மட்டுமே இந்தக் கட்டுரை சொல்லக்கூடியது. 21 வயது ஆகாதவர், கர்ப்பிணி, மாத்திரை சாப்பிடுகிறவர், வண்டி ஓட்டுகிறவர் ஆகியோருக்கு அதுவும் இல்லை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் தாண்டினாலே ஓட்டுநர் குற்றவாளி. இவர்களுக்குச் சோடா கலரை நீட்டுவது விருந்தோம்பல் ஆகாது. ஒரு கிலோ பன்னீர் திராட்சையை உதிர்த்துக் கழுவி, அரை டம்ளர் தண்ணீரில் சிறுதீயில் தோல் வெடிக்கும் வரை வைத்து, கையால் மசித்து வடிகட்டுங்கள். மிக்ஸியில் அடித்தால் விதை உடைந்து கசக்கும். ஆறியதும் எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு, நன்றாகக் குளிரவைத்து அதே கிளாஸில் ஊற்றுங்கள். தோலோடு சூடேறியதால் நிறமும் மெல்லிய துவர்ப்பும் இறங்கியிருக்கும், எலுமிச்சை குறைந்த புளிப்பை ஈடுகட்டும். காரக் குழம்புக்கு இது பல ஒயின்களைவிட நன்றாகவே நிற்கும்.

திறந்த பாட்டில் மீந்தால் மூடியிட்டுக் குளிர்பதனப் பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள், சிவப்பையும் சேர்த்துத்தான். வெள்ளையும் ரோஸும் மூன்று நாள் தாங்கும், சாராயம் சேர்த்த போர்ட் வகை சில வாரம். அதற்குப் பிறகு புளிக்காடி வாசம் எழுந்தால் வறுவலுக்குக் கறி ஊறவைக்க இரண்டு கரண்டி எடுத்துக்கொண்டு, மீதியைக் கொட்டிவிடலாம்.